மோட்டார் ஓடுகிறதா, இணைப்பு இருக்கிறதா: டைமர்களுக்குக் கெடு வைப்பது எப்படி

மதுரையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும், மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பவர் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதில்லை. படுத்தபடியே போனில் மோட்டாரை ஓட்டிவிடலாம். பழைய கருவிகள் மிஸ்டு காலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வேலை செய்தன. புதியவை சிம் கார்டு வழியாக ஒரு சர்வருடன் எந்நேரமும் இணைப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, கீப்-அலைவ் எத்தனை விநாடி வைக்கலாம்?"

பேச்சு எதுவும் இல்லாதபோதும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்திதான் கீப்-அலைவ். அதன் இடைவெளிக்கு ஓர் எண்ணை மட்டும் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கருவிகள் சர்வருடன் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்க்யூடிடி (MQTT) என்ற ஒரே நெறிமுறைக்கு மூன்று பிரபலமான லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, திறந்து பாருங்கள். பாஹோவில் கீப்-அலைவின் இயல்பு மதிப்பு 60 விநாடி. அர்டுயினோக்காரர்கள் விரும்பும் பப்சப்கிளையண்டில் 15. எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி-எம்க்யூடிடியில் 120. மூன்றையும் எழுதியவர்கள் விவரமானவர்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் உங்கள் கிணற்றைப் பார்த்ததில்லை. எதிர்முனை பேசாமல் இருந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தோட்டத்தை அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். லைப்ரரியில் வரும் எண்ணை அப்படியே விட்டுவைத்தால், அந்த முடிவை முகம் தெரியாத ஒருவரிடம் விட்டுவிட்டோம் என்று பொருள்.

இணைப்பு எங்கே இருக்கிறது?

எம்க்யூடிடிக்கு அடியில் தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிசிபி (TCP) என்ற நெறிமுறை. டிசிபி இணைப்பு என்றதும் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருப்பதுபோல் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. ஸ்டார்ட்டரின் நினைவகத்தில் ஒரு பதிவு, சர்வரின் நினைவகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். இன்னாருடன் பேசிக்கொண்டிருக்கிறேன், இத்தனையாவது பைட் வரை அனுப்பியிருக்கிறேன், இத்தனையாவது வரை பெற்றிருக்கிறேன் என்று இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதி வைத்திருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகும்வரை அதை இணைப்பு என்கிறோம்.

ஒழுங்காக விடைபெறும்போது ஒரு முனை முடிக்கும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும், மறுமுனை தன் பதிவை அழித்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால் ஸ்டார்ட்டருக்கு விடைபெற நேரமில்லை. அதன் பதிவு அந்த நொடியே அழிந்துவிடும், சர்வரின் பதிவு மட்டும் அப்படியே நிற்கும். சர்வர் எதையாவது அனுப்பினால் பதில் வராது. மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இயல்பாக 15 மறுமுயற்சிகள், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி இரட்டிப்பாகிக்கொண்டே போகும், ஓர் உச்சத்தைத் தொட்டதும் அங்கேயே நிற்கும். எல்லாம் முடிந்து கைவிடுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். சர்வர் எதுவுமே அனுப்பாமல் காத்துக்கொண்டு மட்டும் இருந்தால்? நாள் கணக்கில், மாதக் கணக்கில் அந்தப் பதிவு அப்படியே கிடக்கும். 1981-ல் ஆர்எஃப்சி (RFC) என்ற இணைய விதி ஆவண வரிசையில் 793-ஆவதாக வெளிவந்த டிசிபி விதிகளின்படி இது குறையே அல்ல. நடுவில் இருக்கும் வலைப்பின்னல் கொஞ்ச நேரம் செத்துப் பிழைத்தாலும் இணைப்பு பிழைக்க வேண்டும் என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் விருப்பம்.

தோட்டத்துக்காரருக்கு இது வேறு விதமாகத் தெரியும். "தம்பி, மோட்டார் ஓடுவதாகப் போன் சொல்கிறது. வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை" என்பார். போனில் தெரிவது மோட்டாரின் நிலை அல்ல. கடைசியாகக் கிடைத்த செய்தியை, அது எப்போது வந்தது என்று சொல்லாமல் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்த டைமரைத் தொடுவதற்கும் முன்பாக, "கடைசித் தகவல் காலை 6.42" என்று நேரத்தைத் திரையில் போடுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். பாதிப் புகார்கள் அதிலேயே அடங்கிவிடும். இன்னும் முக்கியம், பயன்படுத்துபவரிடம் நாம் பொய் சொல்லாமல் இருப்போம்.

இரண்டு மணி நேரம் என்ற பழைய கணக்கு

இயங்குதளத்துக்குள்ளேயே டிசிபி கீப்-அலைவ் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். லினக்ஸில் அதன் இயல்பு மதிப்புகள் இவை: 7,200 விநாடி அமைதியாக இருந்தால் முதல் சோதனைப் பாக்கெட், பதில் இல்லையென்றால் 75 விநாடிக்கு ஒன்றாக மொத்தம் ஒன்பது. கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 விநாடி. அதற்குள் வயலுக்கு வந்த மும்முனை மின்சாரத்தில் ஒரு பெரும் பகுதி முடிந்திருக்கும்.

இந்த இரண்டு மணி நேரம் 1989 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1122-இலிருந்து வருகிறது. கீப்-அலைவ் இயல்பில் அணைந்தே இருக்க வேண்டும், போட்டாலும் இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அது கறாராகச் சொன்னது. அதற்குக் காரணங்களும் சொன்னது. தற்காலிகக் கோளாறின்போது நல்ல இணைப்பையும் இது அறுத்துவிடும், தேவையில்லாமல் பாதையை அடைக்கும், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பாதைகளில் செலவு வைக்கும். அந்தக் காலத்துக்கு மூன்றும் நியாயமான காரணங்கள். முதல் காரணம் இன்றைக்கும் பொருந்தும். யானைமலைக்குப் பின்பக்கம் சிக்னல் வந்து வந்து போகும் ஒரு தோட்டத்தில் பத்து விநாடிக் கெடு வைத்தால், இணைப்பை அறுப்பதும் மறுபடி கட்டுவதுமே கருவியின் முழுநேர வேலையாகிவிடும்.

1989-ல் இல்லாத ஒன்று இன்று நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மொபைல் நிறுவனங்களிடம் ஒவ்வொரு சிம்முக்கும் கொடுக்கத் தனி ஐபிவி4 (பழைய வகை இணைய) முகவரி இல்லை. ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஒரு முகவரித் தொகுதியை 2012-ல் ஒதுக்கினார்கள். உங்கள் கருவிக்குக் கிடைத்த ஐபி முகவரி அதற்குள் இருந்தால், வெளியில் ஒரு பெரிய முகவரி மாற்றி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த உள் முகவரி எந்த வெளிக் கதவில் போகிறது என்று அது ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அட்டவணைக்கும் இடம் அளவுதான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லாத இணைப்பின் வரியை அது அழித்துவிடும். அழித்ததை இரண்டு முனைகளுக்கும் சொல்லாது.

இப்படிப்பட்ட மாற்றிகள், நிலைபெற்ற டிசிபி இணைப்பின் வரியை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் அழிக்கக் கூடாது என்று 2008-ல் ஆர்எஃப்சி 5382 விதித்தது. பழைய இரண்டு மணி நேரத்தோடு நான்கு நிமிடச் சலுகை சேர்த்த கணக்கு அது. கள நிலவரம் வேறு. பல மொபைல் பாதைகளில் சில நிமிட அமைதியிலேயே வரி போய்விடுகிறது. எந்த சிம்மில் எத்தனை நிமிடம் என்று யாரும் விளம்பரப் பலகையில் எழுதி வைப்பதில்லை. நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை அல்ல. கருவியிலிருந்து சர்வருக்கு ஓர் இணைப்பைக் கட்டுங்கள். கீப்-அலைவ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, சர்வர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பைட்டை அனுப்புங்கள். கருவி பெற்றுக்கொண்டால், புது இணைப்பில் நான்கு நிமிடம், பிறகு எட்டு. பெறாமல் போகும் இடம் வந்ததும் அதற்கும் முந்தைய மதிப்புக்கும் நடுவே பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டு வாருங்கள். சர்வர் பக்கத்திலிருந்து அனுப்புவதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். கருவி அனுப்பினால் மாற்றி சில சமயம் புதிதாக வரியை எழுதிக்கொண்டு, நடந்ததை மறைத்துவிடும். மாட்டுத்தாவணியில் எடுத்த அளவை வைத்து வாடிப்பட்டிக்கும் கொட்டாம்பட்டிக்கும் முடிவு செய்யாதீர்கள். நீங்கள் விற்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மிலும், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், பகலிலும் இரவிலும் அளந்து பாருங்கள். கிடைத்தவற்றில் மிகக் குறைந்ததை எடுத்து, அதில் பாதிக்கு மேல் கீப்-அலைவ் வைக்காதீர்கள். ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அடுத்தது வரி அழிவதற்குள் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

எம்க்யூடிடியில் ஒன்றரை மடங்கு

எம்க்யூடிடி 1999-ல் பிறந்தது. ஆர்லென் நிப்பரும், ஐபிஎம்மில் இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக அதை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பைட்டும் காசு என்ற இடத்தில் பிறந்ததால் அதன் பிங் செய்தி இரண்டே பைட், பதிலும் இரண்டே பைட்.

இணையும்போதே கருவி தன் கீப்-அலைவ் மதிப்பை விநாடியில் சொல்லிவிட வேண்டும். அதிகபட்சம் 65,535 விநாடி, அதாவது 18 மணி 12 நிமிடம் 15 விநாடி. சுழியம் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம் என்று பொருள். சொன்ன நேரத்தில் ஒன்றரை மடங்கு கடந்தும் கருவியிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சர்வர் இணைப்பை அறுத்துவிட வேண்டும். கருவி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கடைசிச் செய்தி இருந்தால் அதையும் மற்றவர்களுக்கு அனுப்பிவிடும். ஆக 60 வைத்தால், கருவி போய்விட்டது என்று போனுக்குத் தெரிய 90 விநாடி வரை ஆகும்.

இது சர்வர் பக்கத்துக் கணக்கு. கருவி பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பிங்குக்குப் பதில் வராவிட்டால் கருவி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று விதிமுறை எண் எதுவும் சொல்லவில்லை, 'நியாயமான நேரம்' என்று மட்டும் சொல்கிறது. சில லைப்ரரிகள் இன்னொரு முழுக் கீப்-அலைவ் காலத்தைக் காத்திருக்கின்றன. 120 வைத்த கருவி, தான் அறுந்து போனதை உணர நான்கு நிமிடம்கூட ஆகலாம். அந்த நான்கு நிமிடமும் சர்வர் அனுப்பும் எந்தக் கட்டளையும் அதை எட்டாது. உங்கள் லைப்ரரியின் மூலநிரலைத் திறந்து இந்த ஓர் இடத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஆவணத்தில் பெரும்பாலும் இருக்காது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இரண்டு பைட் பிங்குக்கு ஐபி, டிசிபி தலைப்புகள் 40 பைட் சேர்ந்து 42. பதில் 42. வந்து சேர்ந்தது என்று சொல்லும் ஒப்புகை 40. ஒரு சுற்றுக்கு 124 பைட். நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 1,440 சுற்று, சுமார் 1.79 லட்சம் பைட். மாதத்துக்கு ஐந்து எம்பி சொச்சம். டிஎல்எஸ் மறையாக்கம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 15 விநாடிக்கு ஒன்று என்றால் இதைப்போல் நான்கு மடங்கு. மின்சாரம் கைவசம் உள்ள ஸ்டார்ட்டருக்கு இது தாங்கும் செலவுதான்.

மாடக்குளம் கண்மாய் மடையில் பேட்டரியோடு ஒரு நீர்மட்டக் கருவி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கதை வேறு. இரண்டு பைட் அனுப்புவதற்காக எழுப்பிய ரேடியோ, அனுப்பி முடித்ததும் உடனே தூங்கிவிடாது. அடுத்த பேச்சு வருமோ என்று சில விநாடிகள் விழித்திருக்கும். பேட்டரியைத் தின்பது அந்த விழிப்புதான். கண்மாயின் நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதும் இல்லை. அங்கே கீப்-அலைவ் எத்தனை என்ற கேள்வியே தவறு. எழுந்து, இணைந்து, அளவைச் சொல்லி, ஒழுங்காக விடைபெற்றுத் தூங்கட்டும். இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஸ்டார்ட்டருக்குத் திரும்புவோம். தண்ணீர் வற்றிய போர்வெல்லில் மோட்டார் வெறுமனே ஓடினால் அதன் காயில் சுருள் எரிந்துவிடும். ஆகவே கீப்-அலைவை 10 விநாடியாகக் குறைத்தால் மோட்டாரைக் காப்பாற்றலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைவாகக் கரண்ட் இழுக்கும். அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்த வேண்டியது ஸ்டார்ட்டர் பெட்டியின் வேலை, சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். மோட்டாரின் உயிரைச் செல்போன் கோபுரத்தின் தயவில் விடும் வடிவமைப்பை எந்த டைமராலும் சரிசெய்ய முடியாது. பாதுகாப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், கீப்-அலைவுக்கு மிஞ்சும் வேலை இரண்டு. முகவரி மாற்றியின் வரியை உயிரோடு வைத்திருக்க வேண்டும், திரையில் காட்டும் நிலை பழசாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ தாராளமாகப் போதும்.

தாமதமாக வந்து சேரும் கட்டளை

இதுவரை பேசியது தகவல் வராமல் போவதைப் பற்றி. அதைவிட ஆபத்தானது, கட்டளை காலம் கடந்து போய்ச் சேர்வது. இதைத்தான் நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறேன்.

காலை 6.10-க்கு ஒருவர் போனில் 'ஓட்டு' பொத்தானை அழுத்துகிறார். ஸ்டார்ட்டருக்குச் சிக்னல் இல்லை. எம்க்யூடிடி சர்வர் அந்தச் செய்தியைப் பத்திரமாக வரிசையில் வைத்துக்கொள்கிறது. நம்பகமான விநியோகம் என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். மோட்டார் ஓடாததால் அவர் எலக்ட்ரீஷியனை அழைக்கிறார். 6.40-க்கு எலக்ட்ரீஷியன் பெட்டியைத் திறந்து, ஒரு கையில் டெஸ்டருடன் நிற்கிறார். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் வருகிறது, கருவி இணைகிறது, அரை மணி நேரத்துக்கு முந்தைய கட்டளை நம்பகமாக வந்து சேர்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டர் டக்கென்று ஒட்டுகிறது.

மெயினை அணைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும் என்பது சரிதான். மனிதர்கள் எப்போதும் அப்படிச் செய்வதில்லை என்பதும் நமக்குத் தெரியும். மென்பொருள் எழுதுபவர் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

எம்க்யூடிடியின் ஐந்தாம் பதிப்பு 2019 மார்ச்சில் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பின் தரமாக வந்தது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் காலாவதி நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. 'ஓட்டு' கட்டளைக்கு 20 விநாடி வையுங்கள். அதற்குள் கருவியிடம் அனுப்பப்படாவிட்டால் சர்வர் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். போனிலும் அதையொட்டி "கருவியிடமிருந்து பதில் இல்லை" என்று வந்துவிட வேண்டும். போனின் கெடு செய்தியின் காலாவதியைவிடக் குறைவாக இருந்தால், பதில் இல்லை என்று காட்டிய பிறகும் மோட்டார் ஓடத் தொடங்கும். சற்றே கூடுதலாக வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. எந்த டைமரும் தனியாக நிற்பதில்லை, மற்றொன்றோடு சேர்த்துத்தான் அதற்குச் சரியும் தவறும்.

இதுவும் முழுக் காப்பு அல்ல. வரிசையிலிருந்து எடுத்து டிசிபியிடம் கொடுத்த பிறகு, சர்வரின் அனுப்பும் நினைவகத்தில் கிடக்கும் பைட்டுகளுக்கு எம்க்யூடிடியின் காலாவதி தெரியாது. இணைப்பு செத்திருப்பது இன்னும் தெரியாத நிலையில், டிசிபி பல நிமிடம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சிக்னல் இடையில் திரும்பினால் போய்ச் சேர்ந்துவிடும். லினக்ஸில் சாக்கெட்டுக்கு, அதாவது நிரல் பிடித்திருக்கும் இணைப்பு முனைக்கு, பயனர் கெடு என்று ஓர் அமைப்பு உண்டு. ஒப்புகை வராத தரவு எவ்வளவு நேரம் கிடக்கலாம் என்பதை அதில் மில்லி விநாடியில் சொல்லலாம். அதையும் 20, 30 விநாடிக்குள் வைத்தால் இந்த ஓட்டையும் பெருமளவு அடைபடும். கடைசிக் காவல் கருவியிடம்தான். ஒவ்வொரு கட்டளையிலும் அது பிறந்த நேரத்தை எழுதி அனுப்புங்கள். கருவி தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பழசு என்றால் மறுக்கட்டும். கடிகாரம் இன்னும் சரியாகவில்லை என்றால் ஓட்டும் கட்டளையை ஏற்கவே வேண்டாம். நிறுத்தும் கட்டளை எவ்வளவு பழசானாலும் ஏற்கலாம், அதனால் யாருக்கும் கேடில்லை.

கட்டளைகளை 'இப்போதுள்ள நிலையை மாற்று' என்று வடிவமைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெடு முடிந்து லைப்ரரி மறுமுயற்சி செய்தால் அந்தக் கட்டளை இரண்டு முறை போய்ச் சேரலாம். மோட்டார் ஓடி நிற்கும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தால்

ஒரு ஃபீடரில் மின்சாரம் திரும்பும் நொடியில், அந்தப் பாதையிலுள்ள அத்தனை ஸ்டார்ட்டர்களும் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. ஒரே மாதிரிச் சிப், ஒரே மென்பொருள் என்பதால் விழித்து இணைய எடுக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. கள்ளழகர் ஆற்றில் இறங்கியதும் கூடியிருந்த அத்தனை பேரும் அதே நிமிடத்தில் ஏ.வி. பாலத்தில் ஏறப் பார்த்தால் என்ன ஆகும்? சர்வருக்கு அதுதான் ஆகிறது. டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக், அதாவது மறையாக்கத்துக்கான தொடக்கப் பேச்சு, கணக்கு அதிகம் கேட்கும் வேலை. சர்வர் திணறும், கருவிகளின் இணைப்புக் கெடு முடியும், எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி கழித்து மறுபடி முட்டும். இப்படியே தொடரும்.

இணையம் இந்தப் பாடத்தை முன்பே ஒரு முறை படித்துவிட்டது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அங்கிருந்து 400 கஜ தூரத்தில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையில் தரவு வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. கம்பி எதுவும் அறுந்து போகவில்லை. நெரிசலில் தாமதமான பாக்கெட்டைத் தொலைந்ததாக நினைத்து ஒவ்வொரு கணினியும் மறுபடி அனுப்ப, நெரிசல் மேலும் ஏறியது. ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988-ல் எழுதிய கட்டுரையில் தந்த தீர்வுகளில் ஒன்று டைமரைப் பற்றியது. போய்வரும் நேரத்தின் சராசரியை மட்டும் பார்த்துக் கெடு வைக்காதே, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அள. சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டினால் வருவதே மறுபடி அனுப்பும் கெடு என்ற கணக்கு இன்றைக்கும் டிசிபிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6298 அதே கணக்கை வைத்துக்கொண்டு, தொடக்கக் கெடுவை மட்டும் மூன்று விநாடியிலிருந்து ஒரு விநாடியாகக் குறைத்தது.

இந்த உள் டைமரை நாம் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது. பாதையைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் டைமர் அது. அதற்கு மேலே நாம் வைக்கும் மறுஇணைப்பு டைமருக்கு அந்த அறிவு கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் முயற்சி தோற்றால் சுழியத்துக்கும் இரண்டு விநாடிக்கும் நடுவே ஏதாவது ஒரு தற்செயலான நேரம், அடுத்து நான்குக்குள், எட்டுக்குள் என்று இரட்டித்துக்கொண்டு போய் ஐந்து நிமிடத்தில் உச்சவரம்பு வைத்துவிடுங்கள். மின்சாரம் வந்தவுடன் செய்யும் முதல் முயற்சியையும் ஒரு நிமிடத்துக்குள் சிதறவிடுங்கள். ஆயிரம் ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரே விநாடியில் ஆயிரம் என்பது விநாடிக்கு 17 ஆகிவிடும்.

தற்செயல் என்பது உண்மையிலேயே தற்செயலாக இருக்க வேண்டும். சிறிய சிப்புகளில் தற்செயல் எண்ணை உருவாக்கும் நிரலுக்கு விதை (தொடக்க எண்) கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரே வரிசையைத்தான் தரும். ஆயிரம் கருவிகளும் ஒரே 'தற்செயல்' நேரத்தில் ஒன்றாக வந்து நிற்கும். வன்பொருளிலேயே அந்த வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மோடத்துக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணை விதையில் சேருங்கள். இன்னொன்று, இணைப்பு கிடைத்த அந்தக் கணமே காத்திருப்பைப் பழையபடி இரண்டு விநாடிக்குக் குறைக்க வேண்டாம். கிடைத்த இணைப்பு ஒரு நிமிடமாவது நிலைத்த பிறகு குறைக்கலாம்.

இணைப்புக் கெடுவை எத்தனை விநாடி வைப்பது என்பதற்கும் ஒரு நுணுக்கம் உண்டு. லினக்ஸில் 2023 வரை நெடுங்காலமாக இருந்த, பழைய பதிப்புகளில் இன்றும் உள்ள வழக்கப்படி முதல் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் 1, 3, 7, 15, 31, 63 ஆகிய விநாடிகளில் மறுபடி போகும். முழுதாகக் கைவிட 127 விநாடி. யாரும் அவ்வளவு நேரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்பதால் லைப்ரரியில் குறைவாக வைக்கிறோம். ஏழு விநாடி வைத்தால் நான்காவது பாக்கெட் கிளம்பும் அதே கணத்தில் கதவைச் சாத்துகிறோம், அதன் பதிலைக் கேட்கவே மாட்டோம். பத்து வைத்தால் அதற்கு மூன்று விநாடி அவகாசம் கிடைக்கும். சிக்னல் பலவீனமான 2ஜி தோட்டங்களில் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கும் சேர்ந்தால் 30 விநாடி கொடுப்பேன்.

டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்ற எளிய நெறிமுறையின் மேல் ஓடும் க்விக் (QUIC) நெறிமுறைக்கு மாறுபவர்களுக்குச் சுருக்கமாக: 2021-ல் வந்த ஆர்எஃப்சி 9000-இன்படி இரு முனைகளும் தத்தம் அமைதிக் கெடுவை மில்லி விநாடியில் அறிவிக்கின்றன, இரண்டில் குறைந்ததே செல்லும். உங்கள் பக்கம் பத்து நிமிடம் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் 30 விநாடியில் அறுப்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். யுடிபி வரிகளை முகவரி மாற்றிகள் டிசிபியைவிட விரைவாக அழிக்கும், ஆகவே பிங்கும் அடிக்கடி வேண்டும். முகவரி மாறினாலும் இணைப்பு அடையாள எண்ணை வைத்துப் பேச்சைத் தொடரலாம் என்பது அதன் பெரிய பலம்.

அலகு, சுழியம், கடிகாரம், சோதனை

ஒரே நிரலில் ஒரு டைமர் விநாடியிலும் அடுத்தது மில்லி விநாடியிலும் இருப்பது வெகு சாதாரணம். கோ (Go) நிரல்மொழியில் கால அளவு கேட்கும் இடத்தில் வெறுமனே 30 என்று எழுதினால் அது 30 நானோ விநாடி. சுழியமும் ஏமாற்றும். ஜாவா சாக்கெட்டில் படிக்கும் கெடு சுழியம் என்றால் எப்போதும் காத்திரு என்று பொருள், பைத்தானில் சுழியம் என்றால் காத்திருக்கவே வேண்டாம். மாறியின் பெயரிலேயே அலகை எழுதிவிடுங்கள். கெடுவைக் கணக்கிட, நாளும் மணியும் காட்டும் 'சுவர்க் கடிகார' நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். எழுந்தவுடன் கடிகாரம் 1970 என்று காட்டும் கருவி, நெட்வொர்க்கிலிருந்து நேரம் கிடைத்ததும் ஒரே தாவலில் இன்றைக்கு வந்துவிடும். அத்தனை டைமர்களும் ஒன்றாகக் காலாவதியாகும். முன்னோக்கி மட்டுமே நகரும் உள் கடிகாரம் எல்லாச் சிப்பிலும் இருக்கிறது, கெடுவுக்கு அதுதான் ஏற்றது.

சோதிக்கும்போது பெரும்பாலோர் கருவியின் நிரலை நிறுத்திப் பார்க்கிறார்கள், அல்லது லேப்டாப்பில் ஓடும் மாதிரியைக் கட்டாயமாக மூடுகிறார்கள். உடனே சர்வரில் "துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது. ஆஹா, வேலை செய்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். நிரல் செத்தாலும் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. அது எதிர்முனைக்கு முடிக்கும் பாக்கெட்டை அனுப்பிவிடுகிறது. நீங்கள் வைத்த எந்த டைமரும் அங்கே வேலை பார்க்கவே இல்லை. சர்வரின் ஃபயர்வாலில் அந்தக் கருவியின் பாக்கெட்டுகளைப் பதில் சொல்லாமல் விழுங்கும்படி விதி போடுங்கள். மறுத்து அனுப்பும் விதி வேண்டாம், அதுவும் ஒரு பதில்தான். முதலில் இரு திசையும், பிறகு வரும் திசை மட்டும், பிறகு போகும் திசை மட்டும். ஒவ்வொன்றிலும் போனில் எத்தனை விநாடியில் என்ன தெரிகிறது, கருவி எப்போது உணர்கிறது, விதியை எடுத்ததும் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு திசை மட்டும் அடைபட்டிருக்கும்போது தெரியவரும் பிழைகள் வேறு எப்படியும் அகப்படாது.

பதிவேட்டில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்ற ஒரே வரியை எல்லாவற்றுக்கும் எழுதாதீர்கள். பிங் பதில் வராமலா, ஒப்புகைக் கெடு முடிந்தா, ஹேண்ட்ஷேக் முடியாமலா, எதிர்முனை தானே முடித்ததா என்று தனித்தனியே எழுதுங்கள். கூடவே அப்போதைய சிக்னல் வலிமையும், அதற்கு முன் எத்தனை விநாடி அமைதி நிலவியது என்பதும் இருக்கட்டும். அமைதி நேரம் எல்லாம் ஒரே எண்ணைச் சுற்றிக் குவிந்தால் நடுவிலுள்ள முகவரி மாற்றி வரியை அழிக்கிறது, கீப்-அலைவைக் குறைக்க வேண்டும். சிக்னல் வலிமையோடு சேர்ந்து சிதறிக் கிடந்தால் கீப்-அலைவில் கை வைத்துப் பயனில்லை, ஆன்டெனாவை மோட்டார் ரூமின் கூரைக்கு ஏற்றுங்கள்.